மணி அடிக்காதவர்கள் போகும் வழி

கொரொனாடோ

சான் டியாகோவிலிருந்து கொரொனாடோவுக்குப் போகும் பாலம் நேராகப் போவதில்லை. விரிகுடாவின் மேல் பெரிய வளைவாக ஏறி இறங்குகிறது. அடியில் போர்க்கப்பல்கள் நுழைந்து போக வேண்டும் என்பதற்காக நடுப்பகுதியை 60 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, 1969-ல் திறந்தார்கள். உச்சிக்கு வந்ததும் வலப்பக்கம் நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள், இடப்பக்கம் வரிசையாகக் கட்டிப்போட்ட சாம்பல் நிறக் கப்பல்கள். நடுவே நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பாய்மரங்கள். பணக்காரர்களும் பட்டாளமும் ஒரே தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி ஓட்டியவன் என் தங்கை மகன். கைபேசிச் சில்லு வடிவமைக்கும் வேலைக்காக அங்கே குடியேறியவன். "எல்லாரும் மிருகக்காட்சிசாலை பாக்க வருவாங்க மாமா. நீங்க மட்டுந்தான் பட்டாளம் படிக்கிற பள்ளிக்கூடத்தத் தேடி வந்திருக்கீங்க" என்றான். உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினரான 'சீல்'களைப் பற்றி சினிமா சொன்னதெல்லாம் போதும். அவர்கள் உருவாகும் ஊர்களை வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தேன்.

கொரொனாடோவை எல்லோரும் தீவு என்கிறார்கள். உண்மையில் தெற்கே ஒரு மெல்லிய மணல்திட்டு அதைக் கரையோடு கட்டி வைத்திருக்கிறது. மேற்குக் கடற்கரையில் செந்நிறக் கூம்புக்கூரையோடு நிற்கும் ஹோட்டல் டெல் கொரொனாடோ, 1888-ல் மரத்தாலேயே எழுப்பிய மாளிகை. மர்லின் மன்றோ நடித்த படம் ஒன்றை இந்த மணலில்தான் எடுத்தார்கள். ஹோட்டலுக்கு முன்னால் கருங்கற்களைக் குவித்த அலைத்தடுப்பு இருக்கிறது. விருந்தாளிகள் மாலையில் மது அருந்தியபடி சூரியனை வழியனுப்பும் அதே பாறைகளில்தான், பயிற்சியாளர்கள் ரப்பர் படகை அலையோடு அலையாகக் கொண்டுவந்து மோதாமல் ஏற்றப் பழகுகிறார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் கடற்படையின் மணல் தொடங்குகிறது. நாங்கள் போன காலையில் பனிமூட்டம் கலையவில்லை. முதலில் சத்தம் வந்தது, பிறகு உருவங்கள். ஆளுக்கு ஒரு பக்கமாகத் தலையில் கறுப்பு ரப்பர் படகைச் சுமந்துகொண்டு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். உடம்பெல்லாம் ஈர மணல். ஆணை வந்ததும் கைகோத்துக் கடலில் படுத்தார்கள். அலை முகத்தின் மேல் ஏறி இறங்கியது. நான் செருப்பைக் கழற்றி அந்தத் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தேன். எங்கள் தூத்துக்குடிக் கடல் மார்கழியில்கூட இப்படிக் கடிக்காது.

இதுதான் உலகம் அறிந்த பகுதி. 24 வாரம் நடக்கும் அடிப்படைப் பயிற்சியின் முதல் கட்டத்தில் 'நரக வாரம்' வருகிறது. ஞாயிறு மாலை தொடங்கி ஐந்தரை நாள். மொத்தத் தூக்கம் நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. ஓட்டமும் நடையுமாக 300 கிலோமீட்டருக்கு மேல். முடியவில்லை என்பவர் பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டு, தலைக்கவசத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் தடுப்பதில்லை. சேர்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோகிறார்கள். 2022 பிப்ரவரியில் நரக வாரத்தை முடித்த ஓர் இளைஞர் சில மணி நேரத்திலேயே நிமோனியாவால் இறந்தார். அதன் பிறகு நடந்த விசாரணை, மருத்துவக் கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளைப் பட்டியலிட்டது. நடைமுறைகள் மாறின.

இந்தப் படையின் வேர் 1943-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் டிரேப்பர் காஃப்மன் என்ற அதிகாரி, கடற்கரைத் தடைகளை வெடிவைத்து அகற்றும் குழுக்களைப் பழக்கத் தொடங்கினார். நரக வாரம் அங்கே பிறந்ததுதான். நவம்பரில் பசிபிக்கின் தராவா தீவில் அமெரிக்கப் படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. தண்ணீர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. இறங்கி நடந்த வீரர்களைக் கரையிலிருந்த துப்பாக்கிகள் வீழ்த்தின. மூன்று நாள் சண்டையில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், முன்கூட்டியே நீந்திப் போய் ஆழம் பார்த்து வர ஆள் வேண்டும் என்று புரிந்தது. அரைக்கால் சட்டை, கத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிறு, எழுதிக்கொள்ள ஒரு பலகை. இவ்வளவுதான் அந்த முக்குளிப்பாளர்களின் ஆயுதம். அவர்களின் வழித்தோன்றலாக 1962 ஜனவரியில் சீல் அணிகள் உருவாயின.

பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் பேச்சுக் கொடுத்தார். கடற்படையில் படகு எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இங்க பாக்குறது நுழைவுத் தேர்வுதான் சார். பாடம் நடக்கிற இடம் வேற. அங்க படம் பிடிக்க யாரும் போறதில்ல."

அந்த வேறு இடங்களைத் தேடித்தான் தெற்கே வண்டியைத் திருப்பினோம்.

சில்வர் ஸ்டிராண்ட், இம்பீரியல் பீச்

மணல்திட்டின் மேல் போகும் சாலையில் இடப்பக்கம் குளம்போல் அடங்கிய விரிகுடா, வலப்பக்கம் இரைகிற பசிபிக். திட்டின் தென்கோடியில் முன்பு ஒரு மாபெரும் வட்ட ஆன்டெனா நின்றது. பனிப்போர்க் காலத்தில் வானொலி அலைகளை ஒட்டுக்கேட்கக் கட்டியது. ஊர்க்காரர்கள் அதை யானைக்கூண்டு என்று அழைத்தார்கள். 2015-ல் இடித்துவிட்டார்கள். நெல்லைச் சீமையில் விஜயநாராயணம் பக்கம் போகிறவர்கள், நீர்மூழ்கிகளோடு பேசும் ஐ.என்.எஸ். கட்டபொம்மனின் கம்பங்களைத் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஆன்டெனா போன வெற்றிடம் தனியாகத் தெரிகிறது.

இப்போது அந்த இடத்தில் சிறப்புப் படையின் புதிய வளாகம். நூறு கோடி டாலர் அளவிலான கட்டுமானம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புறநகர்க் கல்லூரி, அவ்வளவு சாதாரணம். பெஞ்சில் இருந்தவர் சொன்ன 'பாடம்' இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடிப்படைப் பயிற்சியைத் தாண்டியவருக்கு உடனே சீல் என்ற பெயர் வந்துவிடாது. அடுத்து 26 வாரத் தகுதிப் பயிற்சி: ஆயுதம், வெடிபொருள், காயத்துக்குக் கட்டுப்போடுவது, வரைபடத்தோடு காட்டைக் கடப்பது, பாராசூட், பனிப்பிரதேசத்தில் பிழைப்பது. அதை முடித்த பிறகுதான் நங்கூரமும் திரிசூலமும் கழுகும் பொறித்த தங்கநிறச் சின்னத்தை மார்பில் குத்துகிறார்கள். அதோடும் முடிவதில்லை. அணியில் சேர்ந்தபின் ஒவ்வொருவரும் தனித்தனி வித்தைக்குப் போகிறார்கள். ஒருவர் தொலைதூரத் துப்பாக்கி. ஒருவர் பூட்டிய கதவை எத்தனை கிராம் வெடியால் திறக்கலாம் என்ற கணக்கு. ஒருவர் விமானங்களை வானொலியில் வழிநடத்துவது. இன்னொருவர் முக்குளிப்பு மேற்பார்வை. இப்படி ஆளாளுக்கு மாதக்கணக்கில் படித்துவிட்டு, பிறகு கூட்டாகப் பழகி, அதற்கப்புறம்தான் வெளிநாட்டுப் பணி.

முக்குளிப்பு மேற்பார்வையாளர் தண்ணீரில் இறங்காமல் படகில் நிற்பவர். இந்தப் படையினர் குமிழி விடாத கருவியோடு, தூய ஆக்சிஜனைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தபடி நீந்துகிறார்கள். குமிழி இல்லாததால் மேலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஆறேழு மீட்டருக்குக் கீழே போகப் போக அதே ஆக்சிஜன் நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரும். அதனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைப்பவர் கையில்தான் உள்ளே இருப்பவர் உயிர். தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில், கல்லோடு இறங்குபவனின் கயிற்றை மேலே மைத்துனன்தான் பிடிப்பான் என்பார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. இங்கே உறவுக்குப் பதில் சான்றிதழ். நம்பிக்கையை எங்கே கட்டுவது என்ற கேள்வி இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

இம்பீரியல் பீச்சின் மரத்துறையில் மீன் டாக்கோ வாங்கினோம். சோளரொட்டிக்குள் பொரித்த மீன், நறுக்கிய முட்டைக்கோசு, எலுமிச்சை, காரமான பச்சைச் சட்னி. இவ்வளவு நல்ல சாப்பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு வெறிச்சோடிய கடற்கரையை நான் பார்த்ததில்லை. மணலில் நட்ட மஞ்சள் பலகைகள் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருப்பதாக எச்சரித்தன. மெக்சிகோவிலிருந்து வடக்கே ஓடிவரும் டிஹுவானா ஆறு நகரச் சாக்கடையையும் சுமந்துவந்து இங்கே கலக்கிறது. 2021 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கரை ஆயிரம் நாளுக்கு மேல் மூடிக் கிடந்தது. பயிற்சி பெறும் கடற்படை இளைஞர்களும் இதே தண்ணீரில்தான் நீந்துகிறார்கள். அவர்களிடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயிற்றுநோய் பாதிப்புகள் பதிவானதைப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2025-ல் சுட்டிக்காட்டினார்.

டாக்கோ கடைப் பெண் தன் பிள்ளைகளைக் கடலில் விட்டு வருஷங்களாகிவிட்டது என்றாள். "அந்தப் பையன்களுக்கு வேற வழியில்ல, இறங்குறாங்க. எங்களுக்கு வழி இருக்கு, அதனால பாத்துக்கிட்டு நிக்கிறோம்." குளிரைத் தாங்கலாம், தூக்கமின்மையைத் தாங்கலாம், சாக்கடையைத் தாங்குவதில் என்ன வீரம் இருக்கிறது என்று தங்கை மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேம்போ

கிழக்கே ஒரு மணி நேரம் மலையேறினால் கடல் மறைந்து, காற்று காய்ந்துவிடுகிறது. முழங்கால் உயரப் புதர், உருண்டைக் கருங்கற்கள், இடையிடையே ஓக் மரம். குமியாய் பழங்குடிகள் ஓக் கொட்டையை இடித்த குழிகள் இன்னும் பாறைகளில் இருக்கின்றன. கசப்பு போகும் வரை மாவைத் தண்ணீரில் அலசி அலசிக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த வேலை தெரியாதவனுக்கு இந்த மலை வெறும் கல்.

இங்கேதான் லா போஸ்டா மலைப்போர்ப் பயிற்சி இடம் இருக்கிறது. சாலையிலிருந்து தெரிவது கதவும் அறிவிப்புப் பலகையும் மட்டுமே. கடற்படைக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். அரபிக்கடலிலிருந்து தொலைவில் கிடக்கும் ஆஃப்கானிஸ்தானின் மலைகளில் 2001-க்குப் பின் இந்தப் படை ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டது. அதில் பதில் இருக்கிறது.

கேம்போவில் எல்லைச் சுவரை ஒட்டி, மரத்தூண்களால் ஆன ஒரு சின்னம் நிற்கிறது. கனடா வரை 4,265 கிலோமீட்டர் போகும் பசிபிக் முகடு நடைபாதையின் தெற்கு முனை அது. பெரும்பாலானோர் சித்திரை வெயிலில் இங்கிருந்து வடக்கே கிளம்புவார்கள். வடக்கிலிருந்து இறங்குகிறவர்கள் சிலர் மட்டும் இலையுதிர் காலக் கடைசியில் இங்கே வந்து முடிப்பார்கள். நாங்கள் போனபோது அப்படி ஒருத்தி வந்து சேர்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், ஓரிகனில் செவிலி. தூணைத் தொட்டுவிட்டு அழவில்லை, கத்தவில்லை. காலணியைக் கழற்றிக் காலுறையை வெயிலில் காயப்போட்டாள்.

அவள் முதுகுப் பையைத் தூக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் பை இதைவிடக் கனக்கும். கிளம்பும்போது இதைப் போல மூன்று மடங்கு இருந்தது என்றாள். பயப்பட்டதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாளாம். பசிக்குமோ என்று கூடுதல் சாப்பாடு, குளிருமோ என்று இன்னொரு போர்வை, வழி தவறுமோ என்று இரண்டு வரைபடம். நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஆங்காங்கே விட்டுவிட்டாள். "உடம்பு பலம் கூடினதாலதானே சுலபமாச்சு?" என்று தங்கை மகன் கேட்டான். "பலம் முதல் மாசத்தோட நின்னுடுச்சு. அதுக்கப்புறம் தண்ணி எங்க கிடைக்கும், எப்ப படுக்கணும், கொப்புளம் வர்றதுக்கு முன்னால கால் எப்படிச் சொல்லும், இதுதான்."

மூன்று பேருமாக நாங்கள் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். வேர்க்கடலையை அவள் தனியாகப் பொறுக்கிச் சேர்த்துக் கடைசியில் தின்றாள்.

நைலண்ட்

மலையிலிருந்து நெடுஞ்சாலை ஒரே இறக்கமாகப் பாலைவனத்தில் விழுகிறது. அக்டோபர் கடைசியிலும் வண்டியின் கண்ணாடியைத் தொட முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணலானாலும் பனையும் முந்திரியும் நிழல் தரும். இம்பீரியல் பள்ளத்தாக்கில் கால்வாய் எட்டிய வரை கீரையும் குதிரைமசாலும் பச்சைக் கட்டங்களாக விளைகின்றன. கால்வாய் முடியும் கோட்டில் பச்சையும் முடிந்துவிடுகிறது.

இந்தக் கட்டங்களை வெட்டியவர்களில் பஞ்சாபிகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள். மனைவியை ஊரிலிருந்து அழைத்துவரச் சட்டம் இடம் தரவில்லை. வெள்ளைப் பெண்ணைக் கட்டவும் சட்டம் விடவில்லை. மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். ஹோசே, மரியா என்று தொடங்கி சிங் என்று முடியும் பெயர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் கல்லறைத் தோட்டங்களில் இருக்கின்றன. எல் சென்ட்ரோவில் நாங்கள் தங்கிய விடுதியின் குஜராத்தி உரிமையாளர், இரண்டு பெரிய தண்ணீர்க் கலன்களை வண்டியில் ஏற்றாமல் எங்களைக் கிளம்ப விடவில்லை. "தாகம் எடுத்தப்புறம் குடிக்கிறது இங்க லேட்டு, பாய்" என்றார்.

வடக்கே சால்டன் கடல். 1905-ல் கொலராடோ ஆற்றின் கால்வாய் உடைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு இந்தப் பள்ளத்தில் கொட்டியதில் உருவான ஏரி. கடல் மட்டத்துக்கு எழுபது மீட்டர் கீழே கிடக்கிறது, பசிபிக்கைவிட உப்பு. கரையில் மணல் என்று நினைத்து மிதித்தது மீன்முள்ளும் சிப்பித்தூளும். நாற்றம் தொண்டையில் இறங்கியது.

ஏரிக்குக் கிழக்கே சாக்லேட் மலைகள், பெயருக்கேற்ற பழுப்பில். அது குண்டுவீச்சுப் பயிற்சிக் களம். அதன் மடியில்தான் சீல்களின் பாலைவன முகாம் இருக்கிறது. 1966 ஆகஸ்டில் வியட்நாமில் கொல்லப்பட்ட பில்லி மேச்சன் என்பவரின் பெயர் அதற்கு. அந்தப் போரில் நேரடிச் சண்டையில் உயிரிழந்த முதல் சீல் அவர். சேற்று ஆற்றோரம் மாண்டவரின் பெயரைத் தண்ணீரே இல்லாத இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். குழுவாக நகர்வது, எதிர்பாராத தாக்குதலிலிருந்து ஒருவரையொருவர் மறைத்தபடி பின்வாங்குவது, இரவில் சுடுவது எல்லாம் இங்கே. சுடுவதைவிடப் பின்வாங்குவது கடினமான பாடம். ஒவ்வொருவரும் மற்றவர் எங்கே நிற்கிறார் என்று இருட்டிலும் அறிந்திருக்க வேண்டும்.

நைலண்ட் ஊரில் பாதிக் கடைகள் பலகை அடித்து மூடிக் கிடந்தன. பக்கத்தில் ஸ்லாப் சிட்டி. கைவிடப்பட்ட பழைய மரைன் படை முகாமின் காங்கிரீட் தளங்கள் மீது வண்டிகளையும் கூடாரங்களையும் நிறுத்திக்கொண்டு, மின்சாரமும் குழாயும் இல்லாமல் வாழ்கிறவர்களின் குடியிருப்பு. வாசலில் லெனர்ட் நைட் என்ற தனிமனிதர் களிமண்ணும் வைக்கோலும் வண்ணமும் கொண்டு எழுப்பிய பளபளக்கும் பக்தி மலை. தகரக் கூரையடியில் ஒரு கிழவி எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். கோடையை எப்படிக் கழிக்கிறீர்கள் என்றேன். விடியுமுன் வேலையை முடித்துவிட்டு, பகல் முழுக்க ஈரச் சாக்குக்குள் அசையாமல் கிடப்பாளாம். "வெயில ஜெயிக்க வந்தவங்க ஜூன்லயே கிளம்பிடுவாங்க" என்றாள். தூரத்தில் மலைக்குள்ளிருந்து அதிர்வு ஒன்று வந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை.

கோடியாக்

பனிப்பிரதேசப் பாடம் நடக்கும் அலாஸ்காவுக்கு நான் தனியாகத்தான் போனேன். ஆங்கரேஜிலிருந்து சிறிய விமானம் மேகத்துக்குள் புகுந்து, மேகத்துக்குள்ளேயே இறங்கியது. கோடியாக் தீவில் மழை நிற்பதில்லை. வடிவம் மட்டும் மாறுகிறது. ஏறத்தாழ 3,500 கரடிகள் வாழும் தீவுக்கூட்டம். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஒருகாலத்தில் ராஜநண்டுக்குத் தலைநகர். நண்டு வற்றிப்போக, இந்தக் கடலின் செந்நண்டு வேட்டையை 1983-லிருந்து மூடிவிட்டார்கள். இப்போது காட், பொல்லாக், சால்மன், ஹாலிபட்.

மீன் பதனிடும் ஆலைகளில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் நடத்தும் சின்னக் கடையில் சோறும் கோழி அடோபோவும் கிடைத்தன. புளிப்பும் பூண்டும் சேர்ந்த குழம்பைச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தபோது, பரிமாறிய அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். கையால் சாப்பிடுகிறவனைக் கண்டு நாளாகியிருக்கும்.

ஊருக்கு வெளியே ஸ்ப்ரூஸ் முனையில் கடற்படையின் குளிர்ப் பயிற்சிப் பிரிவு. தகுதிப் பயிற்சியில் இருப்பவர்கள் ஏறத்தாழ நான்கு வாரம் இங்கே வருகிறார்கள். அருகே அபர்குரோம்பி கோட்டைப் பூங்கா. 1942-ல் ஜப்பான் அலூஷியத் தீவுகளில் சிலவற்றைப் பிடித்த காலத்தின் பீரங்கிகள், பாசி போர்த்த மரங்களுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அந்தப் பாறைமுனையிலிருந்து பார்த்தால் பயிற்சிக்கு வருகிறவர்கள் இறங்கும் தண்ணீர் தெரியும். பனியுருகிய சாம்பல் நிறம்.

இந்தப் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. மாணவர்களைச் சில நிமிடம் கடலில் இறக்குகிறார்கள். நடுங்க நடுங்க வெளியேறியதும் பாடம் ஆரம்பம். ஈரத்தை உடனே களை, துணைவனின் விறைத்த விரலுக்காக நீ அவன் பட்டனைக் கழற்று, கூடாரத்தை நிறுத்து, அடுப்பை மூட்டு, உறக்கப்பைக்குள் புகு, சூடாக ஏதாவது குடி. உடைகள் எந்த வரிசையில் மடித்திருந்தன, தீப்பெட்டி எந்தப் பையில் இருந்தது என்பதுதான் மதிப்பெண். அமைதியாக இருந்து நடுக்கத்தை மறைப்பவனுக்குப் பாராட்டுக் கிடையாது. மறைத்தால் துணைவனுக்குத் தெரியாமல் போகும்.

கொரொனாடோவில் கட்டளை: குளிரைத் தாங்கு. கோடியாக்கில் கட்டளை: குளிரைத் தாங்க வேண்டிய நிலைக்கே போகாதே. முதலாவதை முடித்தவனுக்குத்தான் இரண்டாவதைச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் போருக்குப் போய்த் திரும்பி வருபவனைக் காப்பது இரண்டாவதுதான் என்று எனக்குப் பட்டது. முதலாவதற்குப் புத்தகமும் படமும் கூட்டமும் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்க்க யாரும் கைபேசியைத் தூக்குவதில்லை. காய்ந்த காலுறையைப் படம் பிடித்து என்ன செய்வது?

இந்த இரண்டாவது பாடத்தைப் படை புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. ஊரிலுள்ள அலூட்டிக் அருங்காட்சியகத்தில் இந்தத் தீவின் பூர்வகுடிகள் கடலுக்கு அணிந்துபோன மேலாடையைப் பார்த்தேன். கரடியின், கடல்விலங்கின் குடலைச் சுத்தம்செய்து, ஊதி, காயவைத்து, தண்ணீர் புகாதபடி பெண்கள் தைத்தது. கீழ்விளிம்பைத் தோல்படகின் வாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அலை தலைமேல் விழுந்தாலும் உள்ளே ஈரமில்லை. கேம்போவின் நடைக்காரி, ஈரச் சாக்குக் கிழவி, தண்ணீர்க் கலன் ஏற்றிய குஜராத்தி என்று வழியில் பார்த்த எல்லோரும் இதே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள்தான். படைமுகாம்கள் அமைந்ததென்னவோ, மனிதர்கள் ஏற்கெனவே பிழைக்கக் கற்றுவைத்திருந்த இடங்களின் பக்கத்தில்.

துறைமுகத்தில் ஒரு படகோட்டி தன் ஆட்களுக்கு உயிர்காப்பு உடையைப் போட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை மூடும் ஆரஞ்சு ரப்பர் உடை. 1988-ல் வந்த மீன்பிடிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஒத்திகைகள் கட்டாயமாகின. குளிர்ந்த கடலில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னதைக் கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று விரல்விட்டுச் சொன்னார். உடையை ஒரு நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். வேடிக்கை பார்த்த என்னையும் விடவில்லை. முதலில் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பருத்தியா?"

"எங்க ஊர்ல அதுதான்."

"இங்க அது சவத்துணி. நனைஞ்சா உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். கம்பளி வாங்குங்க."

தரையில் உட்கார்ந்து கால்களை நுழைத்தேன். வலக்கை போனது, இடக்கை போக மறுத்தது, தலைமூடி கண்ணை மறைத்தது. ஆட்களில் மிக இளையவன் ஒருவன், மீசைகூட முளைக்காதவன், குனிந்து பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தான். எல்லாம் முடிந்து எழுந்து நின்றபோது படகோட்டி கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் போட்டீங்க. ஆனா கப்பல் போயிடுச்சு. கழட்டுங்க, மறுபடியும் போடலாம்."